வேகப் பலகையைப் படிக்கும் கார்கள்: எண் தெரிகிறது, பொருள் புரிகிறதா?

2024 ஜூலை 7ஆம் தேதியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாகும் ஒவ்வொரு புதிய காரிலும் ஒரு வசதி கட்டாயமாகிவிட்டது. தான் ஓடும் சாலையின் வேக வரம்பு என்ன என்பதைக் காரே கண்டுபிடிக்க வேண்டும்; அதைத் தாண்டினால் ஓட்டுநருக்கு உணர்த்த வேண்டும். புதிதாக அறிமுகமாகும் மாடல்களுக்கு இந்த விதி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2022 ஜூலையிலேயே வந்துவிட்டது. சட்டத்தில் இதன் பெயர் நுண்ணறி வேக உதவி. சுருக்கமாக ஐஎஸ்ஏ என்கிறார்கள்.

இதைப் பற்றிய பேச்சில் நான்கு வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. முதலாவது, கேமரா படித்த எண்ணை ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் காட்டுவது. இரண்டாவது, வரம்பைத் தாண்டினால் ஒலி எழுப்புவதோ ஆக்சிலரேட்டரை அதிரவைப்பதோ. மூன்றாவது, ஓட்டுநர் வழக்கம்போல் மிதிக்கும்போது வரம்புக்கு மேல் எஞ்சின் விசையைக் கூட்டாமல் பிடித்துவைப்பது. நான்காவது, ஓட்டுநர் குறித்த வேகத்தைக் கார் தானே பிடித்துக்கொண்டு ஓடும் க்ரூஸ் கண்ட்ரோலில் ஓடும்போது பலகையைப் பார்த்துக் கார் தானாகவே வேகத்தைக் குறைப்பதும் கூட்டுவதும். முதல் மூன்றிலும் வண்டியை ஓட்டுவது மனிதர்தான். நான்காவதில் ஓட்டுநரின் கால் பெடலிலேயே இல்லை. ஒரே கேமரா, ஒரே மென்பொருள் என்றாலும், தவறினால் வரும் விளைவு இந்த நான்கிலும் ஒன்றல்ல. ஐரோப்பியச் சட்டம் கேட்பது முதலாவதோடு இரண்டாவதையோ மூன்றாவதையோதான். நான்காவது, கார் நிறுவனங்கள் தாங்களாகச் சேர்த்துத் தருவது.

க்ரூஸ் கண்ட்ரோலின் கதையே கொஞ்சம் ஆச்சரியமானது. அதைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஐந்து வயதில் பார்வை இழந்தவர். தன் வழக்கறிஞர் பேசிக்கொண்டே ஓட்டும்போது கார் ஒரு சீரில்லாமல் வேகம் கூடிக் குறைந்ததில் எரிச்சலாகி இதை யோசித்தார் என்று சொல்வார்கள். 1950இல் காப்புரிமை கிடைத்தது. 1958இல் கிறைஸ்லரின் இம்பீரியல் காரில் வந்தது. அந்தக் கருவி செய்ததெல்லாம் ஓட்டுநர் வைத்த வேகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான். முன்னால் லாரி வந்தாலும் அதற்குத் தெரியாது. 1999இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ், ரேடார் வைத்து முன்னால் போகும் வண்டிக்கேற்ப வேகத்தைக் குறைக்கும் அடாப்டிவ் க்ரூஸைக் கொண்டுவந்தது. 2008இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸும் ஓப்பல் இன்சிக்னியாவும் வேகப் பலகையைப் படித்துக் காட்டத் தொடங்கின. இந்த இரண்டு ஓடைகளும் அடுத்த பத்தாண்டுகளில் ஒன்றுசேர்ந்தன. 2017இல் வந்த ஃபோக்ஸ்வாகன் ஆர்ட்டியான், வேக வரம்பையும் வளைவுகளையும் கணக்கில் எடுத்து க்ரூஸ் வேகத்தைத் தானே மாற்றியது. அதுவரை வேகத்தைத் தீர்மானித்தவர் ஓட்டுநர்; அங்கிருந்து, ஒரு தகரப் பலகையும் அதைப் பார்த்த கேமராவும்.

சரி, கேமரா எப்படிப் படிக்கிறது? முன் கண்ணாடியின் உட்புறம், ரியர்வியூ மிரருக்குப் பின்னால் அது இருக்கும். வரும் படங்களில் சிவப்பு விளிம்புள்ள வட்டம் போன்ற வடிவங்களை மென்பொருள் தேடும். கிடைத்ததும் அதற்குள் இருக்கும் எண் என்ன என்று, பல படங்களைப் பார்த்துப் பழகிய நரம்பியல் வலையமைப்பு என்ற மென்பொருள் வகைப்படுத்தும். ஒரே படத்தை நம்பி முடிவெடுக்காது. கார் நெருங்க நெருங்கப் பலகை பெரிதாகும் வரிசையில் அடுத்தடுத்த பல படங்களிலும் அதே எண்தானா என்று பார்க்கும். பலகையைக் கடக்கும் இடத்தில் வரம்பு மாறியதாகக் கொள்ளும்.

இந்தப் படிக்கும் வேலை, அதுவரைக்கும், எப்போதோ கைவசமாகிவிட்டது. ஜெர்மனியின் போஹும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட போக்குவரத்துப் பலகைப் படங்களை 43 வகைகளில் தொகுத்து 2011இல் ஒரு போட்டி நடத்தினார்கள். படங்களைப் பார்த்துப் பலகையைச் சொன்ன மனிதர்களின் சராசரித் துல்லியம் 98.84 சதவீதம். வென்ற சுவிட்சர்லாந்துக் குழுவின் மென்பொருள் எடுத்தது 99.46. அதாவது, வெட்டியெடுத்துக் கையில் கொடுத்த பலகைப் படத்தைப் படிப்பதில் 2011லேயே கணினி மனிதரை மிஞ்சிவிட்டது. அப்படியிருந்தும் இன்று பல லட்சம் ரூபாய்க் கார் நெடுஞ்சாலையில் தவறான எண்ணைக் காட்டுகிறது. ஏன்?

ஏனென்றால் பலகையில் உள்ள எண் வேறு, இந்த நொடியில் இந்த வண்டிக்கு இந்தத் தடத்தில் பொருந்தும் சட்டம் வேறு. முதலாவதைக் கண் பார்த்துவிடும். இரண்டாவதைச் சூழலிலிருந்து ஊகிக்க வேண்டும். மனித ஓட்டுநர் இதை யோசிக்காமலே செய்துவிடுவதால் அதன் கடினம் நமக்குத் தெரிவதில்லை.

ஜெர்மனியின் அதிவிரைவு நெடுஞ்சாலையான ஆட்டோபானை எடுத்துக்கொள்வோம். வலப்பக்கம் வெளியேறும் தடத்துக்கு 60 என்று பலகை இருக்கிறது. நேராக 130இல் போகிற காரின் கேமராவுக்கும் அது நன்றாகத் தெரியும். அது தனக்கல்ல என்று புரிந்துகொள்ள, தான் எந்தத் தடத்தில் இருக்கிறோம், பலகை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, தடங்கள் எங்கே பிரிகின்றன என்பதெல்லாம் தெரிய வேண்டும். இன்னொரு பலகையில் 80 என்ற எண்ணுக்குக் கீழே சின்னதாக ஒரு துணைப் பலகை, ஈரமாக இருக்கும்போது மட்டும் என்று சொல்லும். வேறொன்றில் இரவு 22 முதல் 6 வரை மட்டும், ஊர்க்காரர்கள் தூங்க வேண்டும் என்பதற்காக. எண்ணைப் படித்தால் போதாது; துணைப் பலகையையும் படித்து, மணியையும் பார்த்து, சாலை ஈரமா என்று வைப்பரிடமும் கேட்க வேண்டும்.

எண்ணே இல்லாத வேகப் பலகைகளும் உண்டு. ஜெர்மனியில் ஊரின் பெயர் எழுதிய மஞ்சள் பலகையைத் தாண்டினால் வரம்பு 50. அதில் 50 என்று எங்கும் இருக்காது. பிரான்சிலும் ஊர்ப் பெயர்ப் பலகை அப்படித்தான். அப்புறம், வரம்பு எங்கே முடிகிறது என்ற சிக்கல். போலந்தில் ஒரு வேகப் பலகையின் கட்டளை பொதுவாக அடுத்த சாலைச் சந்திப்போடு முடிந்துவிடும். பக்கத்திலுள்ள ஜெர்மனியில் சந்திப்பைத் தாண்டினாலும் அது தானாக முடிவதில்லை. ஒரே வட்டம், ஒரே சிவப்பு, ஒரே எண்; எல்லையைத் தாண்டியதும் அர்த்தம் மாறுகிறது. பலகையைக் காணாதபோது என்ன கொள்வது என்பதைக் கேமராவால் சொல்லவே முடியாது.

இன்னும் சில தொல்லைகள் வெறும் பௌதிகம். வேகத்தை மாற்றி மாற்றிக் காட்டும் எல்இடி பலகைகளின் விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிகின்றன. கேமராவின் ஷட்டர் வெகு குறுகிய நேரமே திறந்திருந்தால், அணைந்திருக்கும் கணத்தில் படம் எடுத்துவிடும். பலகை பாதி எண்ணோடோ காலியாகவோ தெரியும். இதற்காகவே தனி வகை கேமரா சென்சார்களை உருவாக்க வேண்டியிருந்தது. ஐரோப்பியப் பேருந்துகள், லாரிகளின் பின்புறம் அந்த வண்டிக்கான உச்ச வேகத்தை வட்டத்துக்குள் எழுதி ஒட்டியிருப்பார்கள். பின்னால் வரும் கார் அதைச் சாலைப் பலகை என்று எடுத்துக்கொண்டதும் உண்டு. லாரியோடு சேர்ந்து நகரும் பலகை சாலைப் பலகையாக இருக்க முடியாது என்பதை மென்பொருளுக்குத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

கேமரா தடுமாறும் இடத்தில் கைகொடுப்பது வரைபடம். ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் வேக வரம்பு குறிக்கப்பட்ட டிஜிட்டல் வரைபடத்தை ஹியர், டாம்டாம் போன்ற நிறுவனங்கள் தருகின்றன. ஜிபிஎஸ் மூலம் தான் எந்தத் துண்டில் இருக்கிறோம் என்று கார் பார்த்துக்கொள்ளும். பலகை கண்ணில் படும் முன்பே, அடுத்த அரைக் கிலோமீட்டரில் 50 வரப்போகிறது என்று தெரிந்து மெதுவாகக் குறைத்துக்கொண்டு வரவும் இதனால்தான் முடிகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் ஒரு கார் நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது; பலகையைக் கண்ட பிறகு யோசித்தால் பிரேக்கை அழுத்திப் போட வேண்டியிருக்கும்.

ஆனால் வரைபடம் பழசாகும். பிரான்ஸ் 2018 ஜூலையில் நடுத்தடுப்பு இல்லாத ஊர்ப்புறச் சாலைகளின் வரம்பை 90இலிருந்து 80ஆகக் குறைத்தது. பிறகு சில மாவட்டங்கள் சில சாலைகளை மறுபடி 90க்கு ஏற்றின. வேல்ஸ் 2023 செப்டம்பரில் குடியிருப்புச் சாலைகளின் பொது வரம்பை மணிக்கு 30 மைலிலிருந்து 20ஆக்கியது. இப்படி நாடு முழுக்க ஒரே நாளில் எண் மாறும்போது, புதுப்பிக்காத வரைபடத்தோடு ஓடும் கார் நேற்றைய சட்டத்தைத்தான் காட்டும். சாலைப் பணி நடக்கும் இடத்தில் வைத்த தற்காலிகப் பலகை எந்த வரைபடத்திலும் இருக்காது.

கேமரா 60 என்கிறது, வரைபடம் 100 என்கிறது. எதை நம்புவது? இந்தத் தொழில்நுட்பத்தின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். குறைந்ததை எடுத்துக்கொள் என்பது பாதுகாப்பான விடை போலத் தோன்றும். 100இல் ஓடும் போக்குவரத்தின் நடுவே ஒரு கார் மட்டும் காரணமே தெரியாமல் 60க்கு இறங்கினால் பின்னால் வருபவருக்கு அது ஆபத்து. அதிகமானதை எடுத்துக்கொள் என்றால், சாலைப் பணியாளர்கள் நிற்கும் இடத்தில் கார் பாயும். ஒலி எழுப்பும் கருவி தவறினால் ஓட்டுநருக்கு எரிச்சல், அவ்வளவுதான். வேகத்தை மாற்றும் கருவி தவறினால் யாராவது அடிபடலாம். அதிலும் தவறாகக் குறைப்பதைவிடத் தவறாகக் கூட்டுவதை நான் அதிகம் அஞ்சுகிறேன். ஓட்டுநர் காலை எடுத்து ஓய்வாக உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அது நடக்கிறது.

இது கற்பனைப் பயம் அல்ல. 2020 பிப்ரவரியில் மெக்காஃபி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மணிக்கு 35 மைல் என்ற பலகையில், 3 என்ற எண்ணின் நடுக்கோட்டை நீட்டுவதுபோல இரண்டு அங்குலக் கறுப்பு டேப் ஒட்டினார்கள். மொபைல்ஐ நிறுவனத்தின் கேமரா பொருத்திய 2016 மாடல் டெஸ்லா அதை 85 என்று படித்தது. க்ரூஸ் கண்ட்ரோல் 85ஐ நோக்கி வேகத்தைக் கூட்டத் தொடங்கியது. மனிதரும் அந்தப் பலகையைத் தவறாகப் படிக்கலாம் என்று மொபைல்ஐ பதில் சொன்னது. படிக்கலாம்தான். ஆனால் வீடுகள் இருக்கும் தெருவில் நின்றுகொண்டு, இங்கே 85 மைல் போகலாம் என்று எந்த மனிதரும் நம்பமாட்டார். அந்த டெஸ்லாவிடம் இல்லாதது எழுத்தறிவு அல்ல, இந்த இடத்துக்கு இந்த எண் பொருந்துமா என்ற நிதானம். கேமரா சொல்வதை வரைபடத்தோடும் ஒப்பிட்டால் இப்படிப்பட்ட பிழையைப் பிடிக்க முடியும்.

ஐரோப்பியச் சட்டத்தை எழுதியவர்களுக்கு இந்தப் பலவீனங்கள் தெரிந்தே இருந்தன என்று அதன் விதிகளைப் படித்தால் புரிகிறது. நிறுவனங்கள் நான்கு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: படிப்படியாக வரும் ஒலி, படிப்படியாக வரும் அதிர்வு, ஆக்சிலரேட்டர் பெடல் காலைப் பின்னுக்குத் தள்ளுவது, எஞ்சின் விசையைக் குறைப்பது. எதுவாக இருந்தாலும் ஓட்டுநர் பெடலை அழுத்தி மிதித்தால் அவர் சொல்வதே நடக்கும். பலவகைச் சாலைகளில் ஓட்டிப் பார்க்கும் சோதனையில், ஓடிய தூரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் வரம்பைச் சரியாகச் சொல்ல வேண்டும். இதைத் திருப்பிப் பார்த்தால், நூறு கிலோமீட்டரில் பத்துக் கிலோமீட்டர் வரை தவறாக இருந்தாலும் தேர்ச்சிதான். எச்சரிக்கைக் கருவிக்கு அது போதும். தானாக ஓட்டும் கருவிக்குப் போதாது. சட்டம் தானியங்கி வேக மாற்றத்தைக் கட்டாயமாக்காமல் விட்டது சரியான முடிவு என்றுதான் எனக்குப் படுகிறது.

வண்டியை ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் இந்த வசதி தானாகவே மறுபடி இயங்கத் தொடங்க வேண்டும் என்பதும் விதி. இதில்தான் ஓட்டுநர்களின் முனகல் அதிகம். தவறான எண்ணுக்கெல்லாம் ஒலி எழுப்பினால், பத்து நாளில் கை தானாக அணைக்கும் பொத்தானுக்குப் போய்விடும். பிறகு சரியான எச்சரிக்கையும் கேட்காது. ரெனோ, டாசியா என்ற கார் நிறுவனங்கள் இதற்கென்றே, ஓட்டுநர் முன்பே தேர்ந்துவைத்த அமைப்புக்கு ஒரே அழுத்தில் மாறும் பொத்தானைக் கொடுத்திருக்கின்றன.

இத்தனை குறைகளோடும் ஏன் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? வேகத்தின் கணக்கு அவ்வளவு கொடியது. உலக சுகாதார நிறுவனம் சொல்வதன்படி சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்போகும் விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது. 50 கிலோமீட்டரில் மோதும் காரைவிட 65இல் மோதும் கார் பாதசாரியைக் கொல்லும் வாய்ப்பு நாலரை மடங்கு. இடையில் இருப்பது வெறும் 15 கிலோமீட்டர். ஓட்டுபவருக்கு அது உறைப்பதேயில்லை. சுவீடன் 1999 முதல் 2002 வரை நான்கு நகரங்களில் சில ஆயிரம் வண்டிகளில் இந்த வகைக் கருவியைப் பொருத்திப் பார்த்த பிறகுதான் ஐரோப்பாவில் இது தீவிரமான பேச்சானது. பரவலாக வந்தால் சாலை மரணங்களில் 20 சதவீதத்தைக் குறைக்கலாம் என்பது ஐரோப்பியப் போக்குவரத்துப் பாதுகாப்புக் குழுவின் மதிப்பீடு.

அமெரிக்கா இன்னும் தயங்குகிறது. 2022 ஜனவரியில் வடக்கு லாஸ் வேகஸில், மணிக்கு 35 மைல் வரம்புள்ள சாலையில் 100 மைலுக்கு மேல் வந்த கார் சிவப்பு விளக்கைத் தாண்டி மோதியதில் ஒன்பது பேர் இறந்தார்கள். அந்த விசாரணைக்குப் பிறகு தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் புதிய கார்களில் இந்தக் கருவி வேண்டும் என்று பரிந்துரைத்தது. வரம்பை 10 மைல் தாண்டினால் ஒரு எச்சரிக்கை மட்டும் தர வேண்டும் என்ற கலிஃபோர்னியா மசோதாவைக்கூட ஆளுநர் கேவின் நியூசம் 2024 செப்டம்பரில் நிராகரித்துவிட்டார்.

இந்தியாவில் இந்தத் தொழில்நுட்பம் சட்டத்தின் வழியாக வராமல் விளம்பரத்தின் வழியாக வந்திருக்கிறது. செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள மஹிந்திராவின் ஆய்வு மையத்தில் உருவாகி 2021இல் வந்த எக்ஸ்யூவி 700, பலகையைப் படிக்கும் வசதியை ஓரளவு எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. 2023இல் டாடா ஹாரியரிலும் வந்தது. நம் சட்டம் கேட்பது அதைவிட எளிமையான ஒன்றை: 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்கள் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டும், 120ஐத் தாண்டினால் தொடர்ந்தும் ஒலி எழுப்ப வேண்டும். இந்த ஒலிக்கு இடம் பொருள் தெரியாது. நூறு போகலாம் என்ற நால்வழிச் சாலையில் 85க்கே ஒலிக்கும். பள்ளிக்கூடத் தெருவில் 75இல் பறந்தால் அமைதியாக இருக்கும். பலகையைப் படிக்கும் கருவி நிரப்ப வேண்டிய இடைவெளி சரியாக இதுதான். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் எழுபது சதவீதத்துக்கும் மேல் அதிவேகத்தைக் காரணமாகக் காட்டிய விபத்துகளில் இறந்தவர்கள்.

ஆனால் இங்கே கேமராவின் முன் இருக்கும் வேலை ஐரோப்பாவைவிடக் கடினம். நம் வேக வரம்பு வண்டி வகைக்கேற்ப மாறும். சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் வகுத்ததன்படி காருக்கு 60, இருசக்கர வண்டிக்கும் கனரக வண்டிக்கும் 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புத் தெருக்களில் எல்லாருக்கும் 30. நெடுஞ்சாலையில் ஒரே பலகையில் கார், பேருந்து, லாரிப் படங்களும் பக்கத்தில் ஆளுக்கொரு எண்ணும் இருக்கும். அதில் தனக்கான எண்ணைக் கார் பொறுக்கியெடுக்க வேண்டும். பக்கத்திலேயே ஓடும் சர்வீஸ் சாலையின் பலகை பிரதானச் சாலையிலிருந்தும் தெரியும். மேம்பாலத்தில் போகிறோமா அதன் அடியில் போகிறோமா என்பதைப் பிரித்தறிய ஜிபிஎஸ் திணறும். உயரத்தைக் கணிப்பதில் அது பலவீனம். பாலம் கட்டி முடித்து ஊர் மறந்த பிறகும், மாற்றுப்பாதைக்காக வைத்த 20 பலகை அப்படியே நிற்கும். நம் ஓட்டுநர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார். க்ரூஸில் ஓடும் காருக்கு அந்தத் தெளிவு கிடையாது.

பலகையில் மட்டுமல்ல, சட்டத்திலேயே எண் அசைந்துகொண்டிருக்கிறது. ஒன்றிய அரசு 2018 ஏப்ரலில் விரைவுச் சாலைகளுக்கு 120 வரை உயர்த்தி வெளியிட்ட அறிவிப்பை, சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ரத்துசெய்தது. அறிவிப்பு ஓரிடத்தில், தீர்ப்பு ஓரிடத்தில், மாநகரக் காவல்துறையின் உத்தரவு ஓரிடத்தில் என்று கிடக்கும்போது, வரைபட நிறுவனம் எதைப் பதிவு செய்யும்?

அதனால் இப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை இதுதான். எண்ணைக் காட்டுவதையும் எச்சரிப்பதையும் அணைக்காதீர்கள். க்ரூஸ் வேகத்தைத் தானாக மாற்றும் வசதி உங்கள் காரில் இருந்தால், நீங்கள் பொத்தானை அழுத்தி ஒப்புக்கொண்ட பிறகே மாறும்படி வைக்க வழியிருக்கிறதா என்று பாருங்கள். வழியில்லை என்றால் இந்தியச் சாலைகளில் அந்த ஒரு பகுதியை மட்டும் அணைத்துவைப்பதே நல்லது. முன் கண்ணாடியில் கேமரா இருக்கும் இடத்தைத் துடைத்து வைப்பதும், வரைபடத்தைப் புதுப்பிப்பதும் சின்ன வேலைகள்தான், பலரும் செய்வதில்லை.

பெரிய வேலை அரசிடம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் தன் போக்குவரத்துத் தரவுச் சட்டத்தை 2023இல் திருத்தி, வேக வரம்புகளைக் கணினி படிக்கும் வடிவில் தர வேண்டும் என்று உறுப்பு நாடுகளுக்குக் கடமை வைத்தது. அதே கடமை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கும், மாநில நெடுஞ்சாலைத் துறைக்கும், நகரக் காவல்துறைக்கும் இங்கே வேண்டும். வரம்பை மாற்றும் அதிகாரி எவரோ, அவரே அந்த எண்ணைப் பொதுவான ஒரு பதிவேட்டிலும் அன்றே மாற்ற வேண்டும். ஒப்பந்ததாரர் வைத்த தற்காலிகப் பலகையை அகற்றிய பிறகே அவருடைய கடைசி பில்லுக்குப் பணம் போக வேண்டும்.